பெரிய டர்போ மாட்டியாச்சு, ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல இருக்கற பைப் பழசே போதுமா? (ஊட்டி ஏத்தத்துக்கு)

நவம்பர் 3, ராத்திரி 10.20

குன்னூர் தம்பி ஒருத்தர் கேட்டது, அப்படியே போடறேன்: "அண்ணா, ஸ்கோடா ஆக்டேவியா டீசல் கார்ல (1.9 டிடிஐ) பெரிய டர்போ மாட்டிட்டேன். பூஸ்ட் சைடு ஹோஸ் எல்லாம் புதுசு, இன்டர்கூலரும் பெருசு. ஏர் ஃபில்டர்ல இருந்து டர்போ வாய் வரைக்கும் வர்ற பைப் மட்டும் கம்பெனி பைப். மேட்டுப்பாளையத்துல நல்லா இழுக்குது, ஊட்டி ஏறினா விசில் கூடுது, இழுவை வர மாட்டேங்குது. அந்த பைப்ப மாத்தணுமா, இல்ல காசு தண்டமா?"

மாத்தணும் தம்பி. புதுசா படிக்கறவங்களுக்கு: டர்போங்கறது வெளிக்காத்த உறிஞ்சி அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளற சின்ன சக்கரம், அமுக்கின காத்து போற பக்கம்தான் பூஸ்ட் பக்கம். எனக்கும் அதே வண்டி, அதே நோய். கேத்தியில இருந்து தெனமும் ஊட்டி போய் வர்றேன், டர்போ மாத்தி ரெண்டு மாசம் ஆச்சு, இந்த பைப் வேலையத்தான் இப்ப கையில எடுத்திருக்கேன். எல்லாரும் டர்போவுக்கு அப்பறம் இருக்கற பைப்புக்குத்தான் காசு கொட்டறாங்க, ஏன்னா அது கழண்டா டமால்னு சத்தம் கேக்கும், வண்டி நின்னுடும். முன்னாடி பைப் மூச்சு முட்டினா யாருக்கும் தெரியாது, டர்போ மட்டும் சத்தமில்லாம அடி வாங்கிட்டே இருக்கும்.

கணக்கு போட்டுப் பாருங்க. கோயம்புத்தூர் 411 மீட்டர் உயரம், காத்தழுத்தம் சுமார் 96 கிலோபாஸ்கல். ஊட்டி 2,240 மீட்டர், சுமார் 77. இஞ்சினுக்கு 220 வேணும்னு வெச்சுக்கங்க. கோயம்புத்தூர்ல டர்போ 2.3 மடங்கு அமுக்கினா போதும், ஊட்டியில 2.86 மடங்கு அமுக்கணும். இதுல ஃபில்டரும் பைப்பும் சேர்ந்து ஒரு 6 தின்னுடுச்சுன்னா டர்போ வாய்க்கு வர்றது 71 தான், அப்ப 3.1 மடங்கு. அதே 6 டர்போ தாண்டின பிறகு போயிருந்தா வெறும் 6-தான் போச்சு, முன்னாடி போனா அது மூணு மடங்கா பெருகி 18-க்குப் பக்கம் ஈடு கட்ட வேண்டியிருக்கு. அதுக்காக டர்போ உள்ள இருக்கற வீல் இன்னும் வேகமா சுத்தணும், ஏற்கனவே நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுத்துக்கு மேல போற சாமான் அது. நீங்க கேக்கற விசில் அதோட கஷ்டம்.

நவம்பர் 4, காலை 6.50

கோத்தகிரி அண்ணன் சொல்றாரு, "ஊட்டியில குளிருதேப்பா, குளிர்ந்த காத்து கனமாச்சே, நீ அழுத்தத்த மட்டும் வெச்சுப் பேசற." அவர் சொல்றது சரி, நேத்து நான் அத விட்டுட்டேன். கோயம்புத்தூர் 32 டிகிரி, ஊட்டி 15 டிகிரினு போட்டா அழுத்தத்துல 20 சதவீதம் போனாலும் அடர்த்தியில 15, 16 சதவீதம்தான் போகுது. குளிர் கொஞ்சம் திருப்பிக் குடுக்குது. ஆனா டர்போ எத்தன மடங்கு அமுக்கணுங்கற கணக்கு அழுத்தத்த வெச்சுத்தான், அது மாறல.

இன்னொன்னு. நெறைய ஈசியுல (இஞ்சின ஓட்டற கம்ப்யூட்டர்) உயரம் ஏற ஏற பூஸ்ட்ட குறைக்கற கணக்கு உள்ளயே இருக்கு, டர்போ அளவுக்கு மீறி சுத்தி சிதறாம இருக்கறதுக்காக வெச்சது. ரீமேப் பண்றவங்க (அந்த கம்ப்யூட்டர் கணக்க மாத்தி எழுதறவங்க) சில பேரு "மலையில பவர் வரலையா, எடுத்துடலாம்"னு அத எடுத்துடறாங்க. எடுக்க விடாதீங்க, மலையில வண்டி ஓட்டறவங்களுக்காகத்தான் அது இருக்கு.

நவம்பர் 10, மத்தியானம்

பைப் எவ்வளவு முட்டுதுன்னு தெரியாம புதுசு செய்யக் கூடாதுன்னு இன்னைக்கு அளந்துட்டேன். மீட்டர் எதுவும் வாங்கல. கட்டட வேலைக்காரங்க மட்டம் பாக்கற டியூப் இருக்கே, அந்தக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டியூப், அஞ்சு மீட்டர் வாங்கி ஒரு பலகையில யூ மாதிரி வளைச்சு ஒட்டி, பாதிக்கு தண்ணி ஊத்தி, கண்ணுக்குத் தெரியறதுக்கு ரெண்டு சொட்டு நீலம் விட்டேன். ஒரு முனை திறந்தபடி, இன்னொரு முனைய பானட் இடுக்கு வழியா கொண்டு போய் டர்போ வாய்க்கு நாலு விரக்கடை முன்னாடி பைப்புல ஒரு சின்ன ஓட்டை போட்டு சொருகினேன். பைப் காத்த உறிஞ்சும்போது ஒரு பக்கம் தண்ணி ஏறும், ஒரு பக்கம் இறங்கும், ரெண்டுக்கும் நடுவுல எத்தன சென்டிமீட்டரோ அதுதான் உறிஞ்சல். 10 சென்டிமீட்டர்னா ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல்.

மச்சான முன் சீட்டுல உக்கார வெச்சு பலகைய மடியில நிறுத்திப் பிடிக்கச் சொல்லி, காலையில ஆறு மணிக்கு ரோடு காலியா இருக்கும்போது கேத்தியில இருந்து லவ்டேல் பக்கம் ஏறினேன். மூணாவது கியர்ல முழுசா மிதிச்சதும் மச்சான் "ஏறுது ஏறுது, 40, 50, மாமா 60 தாண்டுது"னு கத்தறான். நாலு தடவ ஓட்டிப் பாத்தோம், நாலு தடவையும் 60-ல இருந்து 62. நடுவுல 61-னு வெச்சுக்கலாம், அதாவது 6 கிலோபாஸ்கல். நேத்து வரைக்கும் உத்தேசமா சொன்ன நம்பர் அப்படியே வந்து நிக்குது.

நவம்பர் 10, ராத்திரி

கூடலூர்ல இருந்து ஒருத்தர் கேக்கறாரு, உறிஞ்சல் திடீர்னு கூடினா அந்த நீலத் தண்ணி டர்போவுக்குள்ள போயிடாதானு. போகும். நான் ரெண்டு பக்கமும் 1.2 மீட்டர் உயரம் விட்டிருந்ததால தப்பிச்சேன், அத மட்டும் நம்பி யாரும் செய்ய வேண்டாம். நடுவுல ஒரு காலி தண்ணி பாட்டில் வையுங்க, நல்லா கெட்டியான பாட்டிலா, மூடியில ரெண்டு ஓட்டை போட்டு டியூப் சொருகி. தண்ணி வந்தா பாட்டில்ல விழுந்துடும். நானும் அடுத்த தடவ அப்படித்தான்.

நவம்பர் 17

அளவு எடுத்த கதை. டர்போ வாய்க்கும் ஃபில்டர் பெட்டிக்கும் நடுவுல நேர் வழி கிடையாது, பேட்டரி, கூலன்ட் ஹோஸ், பிரேக் பூஸ்டர் டியூப் எல்லாத்தையும் சுத்திட்டு வரணும். அட்டையில வெட்டிப் பாத்தேன், சரி வரல. அப்பத்தான் பக்கத்துக் காட்டுல கேரட்டுக்கு ஸ்பிரிங்ளர் போட்ட பைப் துண்டு கெடந்தது கண்ணுல பட்டுது, 63 மி.மீ. பிவிசி. நான் போடப் போற அலுமினிய பைப்பு ரெண்டரை இன்ச், அதாவது 63.5. வெளி அளவு அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். தோட்டக்காரர் கிட்ட கேட்டு ரெண்டு மீட்டர் வாங்கிட்டு வந்து, எல்போ, நேர்த் துண்டுனு வெட்டி, பேட்டரிய சுத்தி வண்டிக்குள்ளயே ஒட்டி ஒட்டி ஒரு முழு பைப் கட்டிட்டேன். ஒவ்வொரு ஜாயின்ட்டுலயும் மார்க்கர்ல குறுக்கு கோடு போட்டு நம்பர் எழுதினேன், கழட்டினா எந்த திருப்பத்துல இருந்துச்சுனு மறக்காம இருக்க.

முக்கியமா ஒன்னு, வண்டிய ஸ்டார்ட் பண்ணி, ஒருத்தர் பிரேக்க அழுத்திட்டு கியர்ல போட்டு லேசா கிளச் விட்டா இஞ்சின் மவுன்ட்டுல எவ்வளவு ஆடுதுன்னு பாருங்க. என்னோடது பேட்டரி பக்கம் ரெண்டு சென்டிமீட்டர் வந்துச்சு. அதனால எல்லாப் பக்கமும் ரெண்டரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத்தான் வளைவு வெச்சேன். இஞ்சின் ஆடும், ஃபில்டர் பெட்டி பாடியோட நிக்கும், நடுவுல பைப்ப இறுக்கமா பூட்டினா மூணு மாசத்துல வெல்டு ஓரத்துல கீறல் விடும்.

ஒரு நண்பர் "அந்த பிவிசியவே விட்டுடு, நல்லாத்தான இருக்கு"ங்கறாரு. வேண்டாங்க. 70, 80 டிகிரி சூட்டுல பிவிசி இளகிடும், பானட்டுக்குள்ள டர்போ பக்கத்துல அது சாதாரணம். இளகின பைப்ப டர்போ உறிஞ்சினா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம்.

நவம்பர் 18

பைப் ஏன் பெருசு பண்றேன், எவ்வளவு பெருசுனு கேட்டிருக்காங்க. கம்பெனி பைப் உள்ள அளவு நான் வெர்னியர்ல பாத்தது ஒடுங்கின இடத்துல 51 மி.மீ. முழு லோடுல இஞ்சின் நொடிக்கு 120 கிராம் காத்து இழுக்குதுன்னா, ஊட்டி காத்துல அந்த 51-க்குள்ள வேகம் நொடிக்கு 63 மீட்டர். புது பைப் 63.5 வெளி அளவு, 2 மி.மீ. தகடு, உள்ள 59.5. வேகம் 46 மீட்டரா இறங்கிடும். உராய்வும் வளைவு நஷ்டமும் வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும், அதனால நஷ்டம் ஏறக்குறைய பாதியாகும். 76 போட்டா இன்னும் நல்லாத்தான் இருக்கும், ஆனா என் டர்போ வாயே 60 தான், வாய்ல வந்து திடீர்னு படி மாதிரி ஒடுங்கினா மிச்சம் பிடிச்சதெல்லாம் அங்க போயிடும். வாய்க்கு முன்னாடி குறைஞ்சது ஒரு பைப் விட்டத்துக்காவது நேரா வர்ற மாதிரி வெக்கணும், வளைவு முடிஞ்ச உடனே வீல் இருந்தா காத்து ஒரு பக்கமா சாஞ்சு நுழையும்.

டர்போ பேர்ல இருக்கற நம்பர் என்னனு கூட ஒருத்தர் கேட்டாரு. இந்த 1.9 இஞ்சின் குடும்பத்துல நெறைய வந்த கேரட் ஜிடி1749வி எடுத்துக்கங்க, அதுல 49-ங்கறது கம்ப்ரஸர் வீலோட வெளிவிட்டம், மில்லிமீட்டர்ல.

நவம்பர் 26, ராத்திரி 11.45

இன்னைக்கு கோயம்புத்தூர் போய் வெல்டிங் முடிச்சேன். இத கொஞ்சம் நீட்டி எழுதறேன், ஏன்னா இந்த வேலையில உயிர் இருக்கறது இங்கதான்.

கணபதி பக்கம் ஒரு சின்னப் பட்டறை, ஆர்கான் வெல்டிங் மட்டும் பண்ற அண்ணன், வயசு அம்பதுக்கு மேல. அலுமினிய பைப்பும் ரெடிமேட் பெண்டும் நான் முன்னாடியே வாங்கி வெச்சிருந்தேன், 90 ஒன்னு, 45 ரெண்டு. பிவிசி மாதிரிய அவர் மேசையில வெச்சதும் சுத்திச் சுத்திப் பாத்தாரு. "ஏந்தம்பி, காத்து போற கொழாய்க்கு இத்தன பாடுங்களா? சைலென்சருக்கே இப்படி யாரும் கொண்டு வரலீங்க." நான் சொன்னேன், "அண்ணா, இந்தக் கொழாய் முடியற இடத்துல ஒரு சக்கரம் இருக்கு, உள்ள ஒரு துணுக்கு போனாலும் அது தூளாயிடும். இதுக்கு அப்பறம் வடிகட்டியே கிடையாது." அவர் அதுக்கு அப்பறம் ஒரு வார்த்தை பேசல. எல்லா வெட்டு முனையையும் அரத்துல ராவி, புது ஸ்டீல் பிரஷ் ஒன்னு எடுத்து, "இது அலுமினியத்துக்கு மட்டும் வெச்சிருக்கறதுங்க, இரும்புல பட்ட பிரஷ்ஷ இதுல தொட்டா பத்து ஒட்டாது"ன்னு தேச்சு, தின்னர் துணியில துடைச்சு, நாலு பக்கமும் புள்ளி வெச்சுட்டு மறுபடி பிவிசி மேல வெச்சுப் பாத்தாரு. ஒரு 45 அரை விரக்கடை திரும்பி இருந்துச்சு. புள்ளிய வெட்டிட்டு மறுபடி வெச்சாரு.

பத்த வெச்சு முடிச்சு சூடு ஆறினதும் என் கைய இழுத்து "உள்ளார விரல விட்டுப் பாருங்க தம்பி"ன்னாரு. மூணு ஜாயின்ட்டுல ரெண்டு வழவழனு இருந்துச்சு. மூணாவதுல கேழ்வரகு அளவுக்கு ஒரு உருண்டை, நகத்துல தட்டினா ஆடுது. அதத்தான் சொல்றேன். அந்த ஒரு மணி உதிர்ந்து போயிருந்தா டர்போவுக்குப் போட்ட காசெல்லாம் போச்சு. அவரே சின்ன கிரைண்டர் கல்ல விட்டு சமமா ராவினாரு. அப்பறம் ஈரத் துணிய கயித்துல கட்டி உள்ள விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு இழுத்தோம், மொத மூணு தடவ கருப்பா மினுமினுனு தூள் வந்துச்சு, ஏழாவது தடவ துணி வெள்ளையா வந்துச்சு. வீட்டுக்கு வந்து சோப்புத் தண்ணியில இன்னொரு தடவ.

முனையில ஹோஸ் நழுவாம இருக்க சுத்தி ஒரு மேடு வேணும். மேடு உருட்டற மெஷின் அவர் கிட்ட இல்ல, அதனால முனையில இருந்து 8 மி.மீ. தள்ளி சுத்தி ஒரு மெல்லிசு வெல்டு கோடு ஓட்டி, எமரி ஷீட்ல வழவழப்பாக்கினாரு. போதும்.

நவம்பர் 27

"காந்தத்த உள்ள விட்டு இழுத்தா தூள் எல்லாம் வந்துடுமே, துணி எதுக்கு"னு ஒருத்தர். அலுமினியம் காந்தத்துல ஒட்டாதுங்க. எஸ்எஸ் 304-ம் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) சரியா ஒட்டாது. துணிதான், தண்ணிதான். எஸ்எஸ்ல பண்றவங்களுக்கு இன்னொன்னு, பத்த வெக்கும்போது பைப்புக்கு உள்ளயும் ஆர்கான் நிரப்பணும், இல்லனா உள்பக்கம் சர்க்கரை கருகின மாதிரி பொரிஞ்சு நிக்கும், அந்தப் பொரி என்னைக்காவது உதிரும்.

டிசம்பர் 2

மாட்டியாச்சு, சந்தோஷம் ஒரு நாள் கூட நிக்கல. வண்டி முன்ன விட மந்தம். புகை சுத்தமா இல்ல, இழுவையும் இல்ல.

டிசம்பர் 3

மந்தத்துக்குக் காரணம் என் தப்பு. பைப்ப டர்போ வரைக்கும் பாத்துப் பாத்து பண்ணிட்டு, ஃபில்டர் பக்கம் எம்ஏஎஃப் சென்சர (உள்ள போற காத்த அளக்கறது) கம்பெனி கூட்டுல இருந்து எடுத்து 76 மி.மீ. துண்டுல ஒரு பிளேட் பத்த வெச்சு மாட்டியிருந்தேன், "பெருசா இருந்தா நல்லதுதான"னு. அந்த சென்சர் மொத்தக் காத்தையும் அளக்கறதில்ல, தன் மேல படற காத்து வேகத்த வெச்சு மொத்தத்தக் கணக்குப் போடுது. கம்பெனி கூடு உள்ள அளவு 70. நான் 76 ஆக்கினதும் அதே காத்துக்கு வேகம் 15 சதவீதம் கம்மி. ஸ்கேனர்ல காத்து அளவு 850 காட்ட வேண்டிய இடத்துல 720 சொச்சம் காட்டுது. காத்து கம்மினு நெனச்சு ஈசியு புகை வராம இருக்க டீசல குறைச்சுடுது. பெட்ரோல் வண்டியா இருந்தா இன்னும் மோசம், காத்து நெறைய, பெட்ரோல் கம்மினு ஓடி பிஸ்டனே போகும். கம்பெனி கூட்ட திருப்பி மாட்டி, அதுல இருந்து 70-ல ஆரம்பிச்சு மெதுவா 60-க்கு ஒடுங்கற கூம்பு ஒன்னு வெச்சேன். நம்பர் சரியாச்சு.

டிசம்பர் 8

நம்பர் சரியாச்சே தவிர இழுவை முழுசா வரல. 3,000 வரைக்கும் அருமையா போகுது, அதுக்கு மேல யாரோ பின்னாடி இருந்து பிடிச்ச மாதிரி. நீலத் தண்ணி டியூப் பலகைய (இந்தத் தடவ பாட்டிலோட) மறுபடி மாட்டினோம். மச்சான் "28, 29, 30"ன்னு அமைதியா சொல்லிட்டு வந்தவன், 3,000 தாண்டினதும் "டேய் மாமா, நிறுத்து, 80 தாண்டிடுச்சு"ன்னான். அப்படியே குபுக்னு குதிச்சிருக்கு.

பைப்ல துணி எதாவது மாட்டிட்டு இருக்கானு பயந்து போய் கழட்டிப் பாத்தேன், ஒன்னும் இல்ல. வீட்டு வாசல்ல சும்மா நிறுத்தி ரேஸ் பண்ணினா ஒன்னும் காட்டாது, ஏன்னா லோடு இல்லாம இஞ்சின் அவ்வளவு காத்து இழுக்காது. கடைசியில பழைய போன் ஒன்ன டார்ச் எரிய விட்டு வீடியோ ஆன் பண்ணி பேட்டரி மேல டேப் போட்டு கட்டி, பானட்ட மூடி, அதே ஏத்தத்துல ஓட்டினேன்.

வீடியோவ வீட்டுல உக்காந்து பாத்தப்ப வயிறு கலங்கிடுச்சு. டர்போ வாய்ல நான் போட்ட சிலிகான் எல்போ, மிதிச்சதும் அதோட உள் வளைவு மெதுவா குழியுது, ஜூஸ் டப்பாவுல கடைசி சொட்ட உறிஞ்சினா டப்பா ஒட்டுமே அது மாதிரி, அப்பறம் ரெண்டு சுவரும் ஒன்னோட ஒன்னு ஒட்டற அளவுக்கு வந்துடுது. கால எடுத்ததும் படக்னு பழைய வடிவம். இத இஞ்சின் நின்ன வண்டியில யார் பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

டிசம்பர் 9

எல்போ வாங்கின எடத்துல "டர்போவுக்கு எல்லாப் பக்கத்துக்கும் ஆகும்"னாங்க. பூஸ்ட் பக்கத்துக்கு ஆகும், அங்க காத்து வெளிய தள்ளுது. உறிஞ்சற பக்கத்துக்கு உள்ள கம்பிச் சுருள் வெச்ச ஹோஸ் வேணும், இல்லனா உலோக பெண்டையே வாய் வரைக்கும் கொண்டு வந்து, நடுவுல ஒரு சின்ன நேர் ஹோஸ் மட்டும் விடணும். நான் ரெண்டாவது வழிய எடுத்தேன். மறுபடி கோயம்புத்தூர், மறுபடி அதே அண்ணன். "மறுக்கா வந்துட்டீங்களா தம்பி"ன்னு சிரிச்சுட்டே 90 பெண்டுல அரைய வெட்டி சேத்துக் குடுத்தாரு, அந்தத் துண்டுக்கு காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. ரெண்டு உலோக முனைக்கும் நடுவுல 6 மி.மீ. இடைவெளி, மேல 75 மி.மீ. நீள ஹோஸ், ஸ்குரூ கிளாம்புக்கு பதிலா டி-போல்ட் கிளாம்ப். இறுக்கறப்ப பாத்து, அதிகமா இறுக்கினா சிலிகான் கிளாம்ப் ஓரத்துல அறுபடும்.

டிசம்பர் 14

29 சென்டிமீட்டர். 3,000-க்கு மேலயும் 29. நாலு தடவ ஓட்டியும் 29. 2.8 கிலோபாஸ்கல்! பாதிக்கும் கீழ. விசில் சத்தம் ஒரு படி இறங்கிடுச்சு, வண்டி லவ்டேல் ஏத்தத்துல மூணாவதுலயே போகுது. மச்சான் பலகைய மடியில வெச்சுட்டு நீலத் தண்ணி ஆடாம நிக்கறத ரெண்டு நிமிஷம் பாத்துட்டே இருந்தான்.

லீக் டெஸ்ட் பண்ணத மறக்காம எழுதிடறேன். எம்ஏஎஃப்-க்கும் டர்போவுக்கும் நடுவுல ஊசி ஓட்டை இருந்தாலும் வடிகட்டாத தூசி நேரா வீல்ல படும், இங்க எஸ்டேட் ரோட்டு செம்மண் தூசி வீல் ஓரத்த உப்புத்தாள் மாதிரி தேச்சுடும். 63 பிவிசி மூடி ஒன்னுல சைக்கிள் டியூப் வால்வ வெச்சு, ஃபில்டர் பக்க முனைய அதால அடைச்சு, டர்போ பக்கத்தையும் அடைச்சு, சைக்கிள் பம்புல லேசா காத்து ஏத்தி, சோப்பு நுரை தடவினேன். 0.2 பார் போதும். பிரீதர் நிப்பிள (இஞ்சின் ஆயில் ஆவி வந்து சேர்ற வாய்) கட்டாயம் அடைச்சுட்டு பண்ணுங்க, இல்லனா அந்தக் காத்து இஞ்சினுக்குள்ள போய் ஆயில் சீலத் தள்ளும்.

டிசம்பர் 24

பிரீதர் பத்தி தனியா சொல்லணும். இஞ்சின் ஆயில் ஆவி வர்ற ஹோஸ் இந்த பைப்புல தான் சேருது, அந்த நிப்பிள காத்து போற திசையில சாய்ச்சு பத்த வெச்சிருக்கேன். நடுவுல ஒரு கேட்ச் கேன் வெச்சேன், ஆயில் பைப்புல படியக் கூடாதுன்னு. இந்த வாரம் தலைகுந்தா பக்கம் உறைபனி, கேத்தியிலயும் காலையில புல்லு வெள்ளையா இருந்துச்சு. கேனத் திறந்தா ஆயில் இல்ல, கெட்டித் தயிர் மாதிரி மஞ்சளா ஒன்னு. ஆயில் ஆவியில இருக்கற தண்ணி குளிர்ல சேர்ந்து அடிபட்டு அப்படி ஆகுது. சமவெளியில மாசத்துக்கு ஒரு தடவ திறந்தா போதும்பாங்க, இங்க பனிக்காலத்துல வாரம் ஒரு தடவ. அது உறைஞ்சு ஹோஸ் அடைச்சா ஆவி போக வழியில்லாம இஞ்சின் ஆயில் சீலு வழியா கசியும். கேன ரேடியேட்டர் முன்னாடி இருந்து எடுத்து இஞ்சின் பின்பக்கம் சூடு வர்ற இடத்துக்கு மாத்திட்டேன்.

ஜனவரி 11

அலுமினிய பைப் சூடாகி காத்தையும் சூடாக்காதானு மூணு பேர் கேட்டுட்டாங்க. கையத் தொட்டா சுடுது, அது உண்மை. ஆனா நொடிக்கு 46 மீட்டர் வேகத்துல 60 சென்டிமீட்டர் பைப்ப காத்து கடக்க ஒரு நொடியில 75-ல ஒரு பங்கு கூட ஆகல, சூடு ஏற நேரமில்ல. காத்த எங்க இருந்து எடுக்கறீங்கங்கறதுதான் பெரிய விஷயம். பானட்டுக்குள்ள திறந்த கோன் ஃபில்டர் வெச்சா வெந்த காத்துதான் போகும். பம்பருக்குக் கீழ கொண்டு போய் வெக்கறவங்க, ஐப்பசி கார்த்திகை மழையில பர்லியார் பக்கம் ரோட்டுல தண்ணி ஓடறத ஒரு தடவ நெனச்சுக்கங்க, ஒரு மடக்கு தண்ணி உள்ள போனா கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். கம்பெனி பெட்டி, கம்பெனி உயரம், அதுவே நல்லது.

சத்தத்துக்காகவும் சொல்றேன். முதுமலை வழியா போறப்ப ரோட்டோரம் யானை குட்டியோட நிக்குது. அங்க போய் டர்போ சத்தம் கேக்கணும்னு ஆசப்படாதீங்க.

ஜனவரி 12

சட்டம் பத்தி கேட்ட அண்ணனுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, கம்பெனி குடுத்த அமைப்ப மாத்தறதுக்குக் கட்டுப்பாடு வெச்சிருக்கு. டர்போ மாத்தினத எஃப்சி சமயத்துல மறைக்காதீங்க, இன்சூரன்ஸ்லயும் சொல்லிடுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. நான் கேட்டுட்டுத்தான் பண்ணேன்.

பிப்ரவரி 15

அந்தத் தண்ணி டியூப நான் கழட்டவே இல்ல, மாசம் ஒரு தடவ பாக்கறேன். போன வாரம் 36 காட்டுச்சு. பைப் எல்லாம் சரி, ஃபில்டரத் தட்டினா அரைக் கரண்டி தூசி. புதுசு போட்டதும் 29.

பிப்ரவரி 23

கேள்வி கேட்ட குன்னூர் தம்பி இன்னைக்கு வந்திருந்தாரு. அவர் வண்டியில பலகைய மாட்டினோம், மச்சான் இப்ப இதுல கைதேர்ந்துட்டான், தம்பியே ஓட்டினாரு. 57. "அண்ணா, டர்போ நல்லாத்தான் இருக்கு, அதுக்கு மூச்சு விட எடம் குடுக்காம வெச்சிருந்தேன்"ன்னாரு, முகம் வாடிப் போச்சு. டர்போவ தொட்டுப் பாத்தோம், ஷாஃப்ட்ல ஆட்டம் அளவாத்தான் இருக்கு, வீல் ஓரம் கூர்மையா இருக்கு, நல்ல நேரத்துல கேட்டிருக்காரு. பிவிசி துண்டும் எல்போவும் மிச்சம் இருந்தத சாக்குல கட்டிக் குடுத்துட்டேன். அடுத்த வாரம் அளவு கட்டிட்டு வரேன்னாரு, அடுத்த நாளே கோயம்புத்தூர் போறோம், பட்டறை அண்ணனுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன். கம்பிச் சுருள் ஹோஸ் 60 மி.மீ. நேர்த் துண்டு யார் கிட்டயாவது ஊட்டி, குன்னூர்லயே இருந்தா சொல்லுங்க, 75 மி.மீ. நீளம் போதும்.